டிரெய்லருக்கு வெள்ளையடித்த கதை

பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம் என்று சொன்னதுமே எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" என் அண்ணன் மட்டும் கேட்கவில்லை. வந்தார், வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், உள்ளே ஏறிக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு மூலையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "பெயின்ட்டை அப்புறம் பாத்துக்கலாம் பாப்பா. முதல்ல இது எங்கெல்லாம் ஒழுகுதுன்னு பார்ப்போம்" என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வெளிர்ப் பச்சையும் வெள்ளையுமாக மனசுக்குள் ஏற்கெனவே அடித்து முடித்திருந்தேன்.

இப்போது யாராவது யோசனை கேட்டால் நானும் அதையேதான் சொல்கிறேன், கூடவே ஒன்றைச் சேர்த்து. பெயின்ட் அடிக்கிற ஆசை இல்லாவிட்டால் யாரும் ஒரு டிரெய்லரை அவ்வளவு பிரித்துப் பார்க்க மாட்டார்கள். நிறம் மாற்றுவது ஒரு சாக்கு. அந்தச் சாக்கில்தான் விளக்குகளைக் கழற்றுகிறோம், ஓரப் பட்டையைப் பிடுங்குகிறோம், அலமாரிக் கதவைக் கீலோடு எடுக்கிறோம், சுவரை அங்குலம் அங்குலமாகக் கையால் தடவுகிறோம். வண்டியின் நிஜமான நிலவரம் அப்போதுதான் தெரிய வருகிறது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிராவல் டிரெய்லருக்கு இஞ்சின் கிடையாது. முன்னால் கார் இழுக்க, பின்னால் வருகிற சின்ன வீடு அது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஆள் திரும்ப முடியாத குளியலறை எல்லாம் அதற்குள் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே பெட்டிதான், ஆனால் எலும்பு வேறு வேறு. பழைய வகையில் மெல்லிய மரச்சட்டம். அதற்கு வெளியே நெளிவுள்ள அலுமினியத் தகடு, உள்ளே மெலிசான பிளைவுட், நடுவில் கண்ணாடி நார்ப் பஞ்சு. இன்னொரு வகையில் அலுமினியச் சட்டம், தெர்மகோல் பலகை, ஃபைபர்கிளாஸ் தோல் மூன்றையும் ஒன்றாக ஒட்டி அழுத்தியிருப்பார்கள். சுவர் வழவழவென்று இருக்கும். ஃபைபர்கிளாஸை இரண்டு பாதியாக வார்த்து நடுவில் சேர்க்கும் வகையும் உண்டு. 1968-இல் கனடாவின் வின்னிபெக்கில் தொடங்கிய போலர் நிறுவனம் அதில் பேர்போனது. அப்புறம், 1936-இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் கிளிப்பர் டிரெய்லர் வந்த காலத்திலிருந்தே ரிவெட் அடித்த அலுமினிய ஓட்டுக்கென்று தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. அதன்மேல் பெயின்ட் அடித்தால் சண்டைக்கு வருவார்கள். பாலிஷ் மட்டும்தான் போட வேண்டுமாம்.

தன்னுடையது எந்த வகை என்று தெரியாமல் யாரும் வேலையைத் தொடக்கூடாது. ஒட்டிய சுவருக்குள் தண்ணீர் புகுந்தால் தோல் பிரிந்து உப்பிக்கொள்ளும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சுவரோரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்த உப்பல் தெரியும். அதன்மேல் பளபளப்பான பெயின்ட் அடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். வார்த்த ஃபைபர்கிளாஸில் மேலே இருப்பது ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்பூச்சு. அது வெளுத்து, தொட்டால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? பெரும்பாலும் அதற்குப் பெயின்ட்டே தேவையில்லை. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து மெழுகு பூசினால் பழைய மினுமினுப்பு திரும்பிவிடும். எங்களுடையது மரச்சட்டமும் தகடும். பழுது பார்க்க லேசு; உளுத்துப்போகவும் லேசு.

டிரெய்லருக்கு எமன் தண்ணீர். வீடு ஓரிடத்தில் நிற்கிறது. டிரெய்லரையோ ஒவ்வொரு பயணத்திலும் முறத்தில் போட்டுப் புடைப்பது போலச் சாலை புடைத்து எடுக்கிறது. இணைப்புகள் அசைந்து கொடுக்கின்றன. அடைத்து வைத்த சீலன்ட் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. மயிரிழைப் பிளவு விழுகிறது. மழைக்கு அது போதும். ஓடும் வண்டியில் மழை அடித்தால் எதிர்க்காற்று தண்ணீரைப் பிளவுக்குள் ஏற்றியே விடும். நிற்கும்போது ஒழுகாத வண்டி ஓடும்போது ஒழுகுவது இதனால்தான்.

கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, நான்கு மூலைகளிலும் இறங்கும் அலுமினியப் பட்டை, சன்னல் சட்டம், கூரையில் எதற்காகவெல்லாம் துளை போட்டார்களோ அந்தத் துளைகள். இதெல்லாம் எல்லோரும் பார்ப்பார்கள். யாரும் சந்தேகப்படாதது உச்சி மூலைகளில் எரியும் சின்ன ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளை. தகட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமே என்பதற்காகத்தான் அவற்றைக் கழற்றினேன். முன்பக்க இடது விளக்கில் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று சுற்றச் சுற்ற வந்தது. மற்றதைச் சுற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நகத்தால் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மரை முழுக்கத் துருவும், கறுத்த மரத்தூளும் ஈரமாக அப்பிக்கிடந்தன. முகர்ந்தால் காளான் வாடை. துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக நார் நாராக ஏதோ தொங்கியது.

அந்த விளக்குக்கு நேர் கீழே உட்சுவரில் ஒரு கறையும் கிடையாது என்பதுதான் வேடிக்கை. கறை இருந்தது இரண்டடி தள்ளி, சாப்பாட்டு மேசை பெஞ்சுக்குப் பின்னால். உள்ளே புகுந்த தண்ணீர் சட்டத்தின் மேலேயே ஊர்ந்து போய், எங்கே ஸ்டேபிள் ஆணி கிடைக்கிறதோ அங்கே இறங்குகிறது. கறை இருக்கும் இடத்திலேயே ஓட்டையைத் தேடுகிறவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதைக் கண்டுபிடிக்க அண்ணன் வைத்திருக்கும் வழி ரொம்பச் சாதாரணமானது. கூரையின் காற்றுத் திறப்பில் ஒரு பெட்டி ஃபேனை உள்ளே காற்றடிக்கும்படி வைத்து, சுற்றிலும் அட்டையும் டேப்பும் ஒட்டி, கதவு, சன்னல், குழாய்த் துளை எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார். வண்டிக்குள் காற்றழுத்தம் லேசாக ஏறும். பிறகு வெளியே எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால், எங்கே நுரை குமிழ்விட்டுப் பொங்குகிறதோ அங்கே வழி இருக்கிறது. மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு முள் உள்ள ஈரமானி ஒன்றும் கையில் இருந்தால் நல்லது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. அதைத் தாண்டிய இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனோம். முன்மூலை முழுக்க வட்டம்தான்.

அப்புறம் என்ன, உட்பலகையைப் பிரித்தோம். உளுத்த சட்டத்தை நல்ல மரம் தட்டுப்படும்வரை அறுத்து எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுக் கட்டையைப் பக்கத்தில் சேர்த்துப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கினோம். உளுத்த மரத்தின்மேல் ஊற்றினால் கெட்டியாகிவிடும் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். சன்னல் ஓரத்தில் ஒரு விரல் அளவு சொத்தைக்கு அது சரி. சுவரைத் தாங்கும் சட்டத்துக்கு அதை நம்பக்கூடாது என்பது என் கட்சி. மேலே கெட்டியாகத் தெரியும். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் வலு வராது.

சீலன்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. எங்களுக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் எங்கே சந்தேகம் வந்தாலும் சிலிக்கோனைப் பிதுக்கியிருக்கிறார். குளியலறைக்கு நல்ல பொருள்தான். டிரெய்லரின் வெளிப்பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. வேறு சீலன்ட் ஒட்டாது. பழைய சிலிக்கோன்மேல் புதுச் சிலிக்கோனே சரியாக ஒட்டாது. சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தங்கி, அடிக்கிற பெயின்ட்டை அங்கங்கே விலக்கி மீன்கண் மாதிரிக் குழிகள் விழவைக்கும். பிளாஸ்டிக் சுரண்டி, சிலிக்கோன் கரைப்பான், ஸ்பிரிட், திரும்பவும் சுரண்டி என்று அந்த வேலைக்கே பொறுமை எல்லாம் போயிற்று. பட்டைக்கும் சன்னல் சட்டத்துக்கும் அடியில் வைக்க வேண்டியது பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் நாடா. அது காய்ந்து இறுகாது, அசைவுக்கு ஈடுகொடுக்கும். சட்டத்தை இறுக்கியதும் ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கி வர வேண்டும். பிதுங்கினால்தான் உள்ளே நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் விட்டு, இன்னொரு முறை ஸ்க்ரூவை முடுக்கி, பிதுங்கியதை வெட்டிவிடலாம்.

கூரைக்கு மட்டும் தானாகப் பரவி மட்டமாகும் சீலன்ட். சுவரில் அதைப் போட்டால் வழிந்து கீழே வந்துவிடும். சுவருக்கென்று வழியாத வகை தனியாக இருக்கிறது. கூரை விரிப்பு எது என்றும் பார்க்க வேண்டும். ஈபிடிஎம் ரப்பர் என்றால் பெட்ரோல், மண்ணெண்ணெய் வகையறாக் கரைப்பான்கள் பட்டால் உப்பிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

ஒழுகலை அடைத்தாயிற்று, இனி பெயின்ட்தான் என்று நான் ரோலரைத் தூக்கியபோது அண்ணன் எடைக்கணக்கைக் கையில் எடுத்தார். சக்கர வீட்டில் எதைச் சேர்த்தாலும் அதை யாரோ இழுத்தாக வேண்டும். வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் மொத்தம் எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கும். வெற்று வண்டியின் எடையை அதிலிருந்து கழித்தால் மிச்சம் இருப்பதுதான் நம் சொத்து. அதற்குள் தண்ணீர், கேஸ், பாத்திரம், துணி, நாம் செய்யும் அலங்காரம் எல்லாம் அடங்க வேண்டும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் இரண்டு ஆள் எடை போய்விட்டது. படங்களில் பார்க்கிற கனமான மர மேடை, சுவரில் பீங்கான் ஓடு, இதெல்லாம் இங்கே ஆகாது. ஓடு எடையும் கூட்டும், சாலைக் குலுக்கலில் அதன் இடைவெளிச் சாந்தும் உதிரும். பெயின்ட்டை இதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. வண்டியின் முகத்தையே மாற்றிவிட்டு, எடையில் சில கிலோதான் கேட்கிறது.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். வட அமெரிக்க டிராவல் டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரோடு இணைக்கும் கொக்கியின்மேல் இறங்க வேண்டும் என்பது கணக்கு. ஐரோப்பியக் கேரவன்களில் அது 5 முதல் 7 சதவீதம். அவற்றின் அமைப்பு வேறு. அந்த அளவுக்குக் கீழே போனால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஒரு முறை ஆடிவிட்டால் காரையும் சேர்த்துச் சுழற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. பின்பக்கம் பெரிய அலமாரி கட்டலாம் என்று என் வீட்டுக்காரர் வரைந்து வைத்திருந்த படம் அன்றைக்கே மடித்து வைக்கப்பட்டது. பேட்டரியும் கருவிப் பெட்டியும் அச்சுக்கு முன்னால் வந்தன.

சரி, உட்புறப் பெயின்ட். டிரெய்லர் சுவரைத் தட்டிப் பார்த்தால் மரச் சத்தம் கேட்கும், ஆனால் கைக்குத் தட்டுப்படுவது மரமில்லை. பிளைவுட்டின்மேல் வினைல் பூசிய ஒரு காகிதம். அலமாரிக் கதவுகளும் பாதிக்கு மேல் காகிதம் சுற்றிய பலகைதான். இரண்டிலும் பெயின்ட் நேரடியாகப் பிடிக்காது. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற மாதிரி அடித்துவிட்டு, மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் தோலாகச் சேர்ந்து வருவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

பெயின்ட் நிற்பது பெரும்பாலும் கழுவுவதில் இருக்கிறது. மூடிய சின்ன இடத்தில் வருஷக்கணக்காகச் சமைத்த எண்ணெய்ப் புகை உச்சி மூலைவரை படிந்திருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த சுவரில் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு இழுப்பு இழுத்தேன். தேநீர் நிறத்தில் வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் கரைசலால் துடைத்து, வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் மேலாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போனால் போதும். காகிதத்தையே கிழிக்கும் அளவுக்குப் போனால் அந்த இடம் மட்டும் பஞ்சு பஞ்சாக எழுந்து நிற்கும்.

1978-க்கு முன் வந்த வண்டி என்றால் உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்பே ஈயம் இருக்கிறதா என்று சோதனை செய்துவிட வேண்டும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்தது அந்த ஆண்டில்தான். பழைய தரை விரிப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது.

பிரைமர்தான் காசு கேட்கும் இடம், அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். வழுக்குகிற பரப்பில் பிடிப்பதற்கென்றே வருகிற ஒட்டுப் பிரைமர் ஒன்று வேண்டும். தண்ணீர்க் கறை, புகைக் கறை, பழைய வாடை இருக்கும் இடங்களுக்கு ஷெல்லாக் பிரைமர். சாதாரணப் பிரைமர்மேல் கறை மறுநாளே மஞ்சளாக எட்டிப்பார்க்கும். ஷெல்லாக் அதை அடியிலேயே பூட்டிவிடும். ஆனால் அதில் கரைப்பான் சாராயம். சின்ன அறை, எரியும் ஆவி. கேஸ் சிலிண்டர் வால்வை மூடி, ஃபிரிட்ஜ், வெந்நீர், ஹீட்டர் எதிலும் சுடர் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எல்லாச் சன்னலையும் திறந்து வைத்துத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். ஆவிக்கான முகமூடி கட்டாயம். துணி முகமூடி தூசிக்குக்கூடச் சுமார்தான், ஆவிக்குச் சுத்தமாக உதவாது.

அதன்மேல் இரண்டு கோட், மெலிசாக. நுரை ரோலரில் அடித்தால் பிரஷ் தடம் விழாது. அலமாரிகளுக்குத் தண்ணீரில் கரையும் ஆல்கிட் எனாமலை எடுத்தோம். கெட்டியாகக் காய்கிறது, மஞ்சளிப்பது குறைவு. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். உள்ளே முழுக்க இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கதவை மாட்டி மூடி வைத்தால் கதவும் சட்டமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கதவுகளைக் கழற்றும்போது கீலுக்கு அடியில் நம்பர் எழுதி, அதே நம்பரைச் சட்டத்திலும் எழுதிவிடுங்கள். ஒரே அளவில் தெரியும் கதவுகள் ஒரே அளவில் இருப்பதில்லை.

பலகைகள் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும். அது அசிங்கமாக இருக்கிறது என்று பிடுங்கிவிட்டு, பட்டி பார்த்து, வீட்டுச் சுவராக்க ஆசை வரும். வேண்டாம். அந்தப் பட்டை இருப்பதே இரண்டு பலகையும் தனித்தனியாக அசையட்டும் என்றுதான். பட்டி அடுத்த பயணத்தில் கோடு கோடாக வெடிக்கும். பட்டையையும் சேர்த்து அதே நிறத்தில் அடித்தால் கண்ணை உறுத்தாது. மூலைகளில் வைக்கும் அக்ரிலிக் அடைப்பு மட்டும் இழுவை தாங்கும் வகையாக இருக்கட்டும்.

நிறம் பற்றி என் கருத்து: எல்லாவற்றையும் பளீர் வெள்ளை அடிக்கிற மோகம் எனக்குப் புரியவில்லை. இடம் பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணும் சேறுமாக ஏறி இறங்கும் இடத்தில் வாசலோரச் சுவர் ஒரு வாரத்தில் கதை சொல்லும். கூரையும் மேல் அலமாரியும் வெள்ளை, இடுப்புக்குக் கீழே கொஞ்சம் அழுத்தமான நிறம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அண்ணிக்குப் பிடிக்கவில்லை, பரவாயில்லை.

தரையைப் பற்றிச் சுருக்கமாக. பூட்டிப் போட்ட வண்டி வெயிலில் கொதிக்கும், குளிரில் உறையும். கிளிக் செய்து சேர்க்கும் வினைல் பலகையை அலமாரிகளுக்கு நடுவே இறுக்கிப் போட்டால் விரிய இடமில்லாமல் முண்டிக்கொண்டு எழும். ஒரே விரிப்பாக வரும் வினைல் எடையும் குறைவு, இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்குவதும் இல்லை. புதுப் பலகை, புதுப் பசை எது வாங்கினாலும் அதிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைட் என்ற எரிச்சலூட்டும் வாயுவின் அளவைப் பாருங்கள். 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்க அரசு வீடிழந்தவர்களைக் குடிவைத்த டிரெய்லர்களில் கண் எரிச்சலும் இருமலும் என்று புகார் எழுந்தது. அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 519 வண்டிகளைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டது. காற்றில் சராசரி 77 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கில் 77 பங்கு; சாதாரண வீடுகளைவிடப் பல மடங்கு. கூட்டுப் பலகைகளுக்கு வரம்பு விதிக்கும் சட்டம் அங்கே 2010-இல் வந்தது. சின்ன இடம், நிறையப் பலகை, மூடிய சன்னல். வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் மறக்கக் கூடாத கணக்கு இது.

சுவர் பிரிந்து கிடந்தபோதே மின்வேலையையும் முடித்துக்கொண்டோம். பழைய விளக்கு ஒவ்வொன்றிலும் 18 வாட் பல்பு. அதே வெளிச்சத்துக்கு எல்இடி இரண்டு மூன்று வாட்டோடு நின்றுவிடுகிறது. செலவுக்கு ஏற்ற பலன் இதைவிட வேறு எதிலும் கிடையாது. பேட்டரியை லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாற்றினால் ஈயப் பேட்டரியின் பாதிக்கும் குறைந்த எடையில் அதைவிட அதிகம் பயன்படுத்தலாம். ஈயப் பேட்டரியின் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். இதில் அந்தக் கவலை இல்லை. ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக்கூடாது, பழைய சார்ஜர் இதற்கு ஒத்துவருமா என்றும் பார்க்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும். குழாய்களில் சாம்பல் நிறப் பாலிபியூட்டிலீன் பிளாஸ்டிக் தட்டுப்பட்டால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். வெடித்து ஒழுகியதால்தான் 1995 வாக்கில் அதைக் கைவிட்டார்கள்.

வெளிப்புறம் வேறு உலகம். முதலில் பழைய ஸ்டிக்கர் கோடுகள். ஹேர் டிரையரால் சூடாக்கி, பிளாஸ்டிக் தகட்டால் நிதானமாக ஓரத்தைத் தூக்கினால் நீளமாக உரிந்து வரும். உரித்த பிறகும் கோடு அங்கேயே தெரியும். வெயில் படாத இடம் பழைய நிறத்தில் இருக்கிறது, சுற்றிலும் வெளுத்துவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் அந்த நிழல் முழுசாகப் போகாது; பெயின்ட்தான் மறைக்கும்.

அலுமினியத்தில் பெயின்ட் உரிவதற்குக் காரணம் அதன்மேல் இருக்கும் ஆக்சைடு படலம். தேய்த்த மாத்திரத்திலேயே திரும்பவும் உருவாகிவிடும். அதனால் பழைய பெயின்ட் கெட்டியாக இருக்கும் இடத்தில் மேலாகத் தேய்த்தால் போதும். வெறும் உலோகம் தெரியும் இடத்துக்கு அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கக் கிளம்பாதீர்கள். பல எபாக்ஸிகள் அமிலமுள்ள எட்ச் பிரைமர்மேல் நிற்பதில்லை, டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். தேய்த்த அன்றைக்கே அடித்துவிட வேண்டும். துருப்பிடித்த இரும்பு ஸ்க்ரூக்களை இப்போதே எவர்சில்வருக்கு மாற்றி, ஒவ்வொன்றின் கழுத்திலும் கொஞ்சம் பியூட்டைல் சுற்றிவிடுங்கள். வேறு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும்.

மேல் பூச்சுக்கு இரண்டு பாகம் கலக்கும் பாலியூரிதேனைப் பலர் சிபாரிசு செய்வார்கள். உழைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்பிரே செய்தால் நுரையீரலுக்குப் போகும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சாதாரண வடிகட்டி முகமூடியை நம்ப முடியாது. வெளியிலிருந்து காற்று வரும் கவசம் வேண்டும். வீட்டு வாசலில் செய்கிற வேலையே இல்லை. நாங்கள் எடுத்தது படகுகளுக்கு அடிக்கும் ஒற்றைப் பாகப் பாலியூரிதேன். படகுக்காரர்களின் முறையும் அதோடு வந்தது: ஒருவர் நுரை ரோலரில் மெலிசாக அடித்துக்கொண்டே போக, மற்றவர் பின்னாலேயே பிரஷ்ஷின் நுனியால், எடையே வைக்காமல், ஒரே திசையில் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். குமிழி உடைந்து, தடம் தானாக மட்டமாகும்.

அண்ணன் ரோலர், நான் பிரஷ். கை வைக்கிற கனத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் தடம் நிற்கும். இரண்டாவது தடவை திரும்பிப் போனால் ஏற்கெனவே இறுகத் தொடங்கிய இடம் சுருண்டு வரும். "திரும்பிப் பாக்காத பாப்பா, போய்க்கிட்டே இரு" என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. நெளிவுத் தகட்டில் ஒவ்வொரு நெளிவின் அடியிலும் பெயின்ட் தேங்கி வழியப் பார்க்கும். மேலேயிருந்து கீழாக இல்லாமல் நெளிவோடு நீளவாக்கில் இழுப்பதுதான் அதற்கு மருந்து. சாயங்காலத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். வெயில் இறங்கியதும் தகடு சீக்கிரம் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் பனி படியும். பாதி காய்ந்த பளபளப்பு காலையில் மங்கிக் கிடக்கும். நடு வெயிலில் அடிப்பதும் இதே அளவுக்குக் கெடுதல். ரோலர் நகர்வதற்குள் பெயின்ட் இறுகும்.

கறுப்பும் கருநீலமும் இப்போது நாகரிகமாக இருக்கின்றன. பார்க்க அழகுதான், வெப்பத்தை வாரிக் குடிக்கும். ஒட்டுச் சுவர் வண்டிக்கு அந்தச் சூடு பசையைத் தளர்த்தும் ஆபத்தும் உண்டு. அடர்நிறம் ஆசை என்றால் கீழ்ப்பாதியில் ஒரு பட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். கூரை வெள்ளையாகவே இருக்கட்டும்.

பெயின்ட் படக்கூடாதவை சில உண்டு. எடையும் வண்டி எண்ணும் போட்ட தகடு. அதை மறைத்தால் விற்கும்போது மட்டுமல்ல, டயர் வாங்கும்போதே அவஸ்தை. சன்னல் ரப்பர். ஃபிரிட்ஜ், ஹீட்டர் காற்றுத் துளைகள். தண்ணீர் வெளியேறச் சன்னல் அடியில் இருக்கும் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள். இவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்பக்கம் வழிதேடும். கேஸ் எச்சரிக்கைக் கருவி. எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் அது தரையோரத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு கருவிக்கும் ஆயுள் தேதி உண்டு, பின்னால் திருப்பிப் பாருங்கள். எங்களுடைய இரண்டும் எப்போதோ காலாவதி ஆனவை.

முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கையில் டார்ச்சோடு எல்லா மூலையையும் திரும்பப் பார்த்தோம். உள்ளே இரண்டு இடத்தில் அடைப்பு மெலிசாக விரிந்திருந்தது, ஒரு கீல் தளர்ந்திருந்தது. அதற்கென்றே மிச்சப் பெயின்ட்டைச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி, மூடியில் நிறத்தின் எண்ணை எழுதி, அலமாரியில் வைத்திருக்கிறேன். கூரைச் சீலன்ட்டை வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஏறிப் பார்ப்பது என்று முடிவு.

டயர்களைத்தான் அடுத்து மாற்ற வேண்டும். பட்டன் தேயவே இல்லை, பார்க்கப் புதுசாக இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படித்தால் வயது தெரிந்துவிடும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். கூடவே பேரிங்குக்குப் புதுக் கிரீஸ். அந்த வேலையைப் பற்றி எழுதுவதென்றால் அண்ணன்தான் எழுத வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிப்பேன்.